எர்த்

பைக்காரா ஏரியில் இன்றைக்குக் காற்று விடுமுறை.
பாய்மரம் இருக்கிறது, வெளுத்த பாயும் இருக்கிறது,
ஆனால் பத்து வருஷமாக இந்தப் படகை நகர்த்துவது
பலகைக்கு அடியில் கிடக்கும் இரண்டு சிலிண்டர் டீசல்.
பாய், படம் எடுக்க.

சாவியைத் திருப்பினால் டிக்.
மறுபடி திருப்பினால் டிக்.
அதற்கு மேல் ஒரு சொல் பேசாது.

"ஜெசிந்தா, பேட்டரி புதுசு.
அதுக்கு முந்தினதும் புதுசு.
ஸ்டார்ட்டரைக் கழட்டி ஊட்டியில காட்டியாச்சு,
மேசையில வெச்சா பம்பரமாச் சுத்துது.
ஏழு மணிக்குக் கல்யாண ஜோடி, முன்பணம் வாங்கிட்டேன்"
என்று கூடலூருக்குப் ஃபோன் போட்டார் சகாயம்.

நான் ஜீப்புக்கு வயரிங் பார்க்கிறவள்.
மிதக்கும் எதையும் எங்கள் வீட்டில் நம்புவதில்லை;
அம்மா தலைமன்னாரிலிருந்து
கப்பல் முழுக்க வாந்தியெடுத்தபடி வந்தவள்.
நடுவட்டம் வளைவுகளில் பனிக்கு ஹாரன் அடித்துக்கொண்டே
வந்து சேர்ந்தபோது
படித்துறையில் மணப்பெண், சிறுமுகைப் பட்டில், பல் கிட்டித்து.
மாப்பிள்ளை காருக்குள், ஹீட்டரோடு.

பேட்டரியில் மீட்டர் வைத்தேன். பன்னிரண்டு புள்ளி ஏழு.
சும்மா உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும்
நல்லாயிருக்கேன் என்றுதான் சொல்வார்கள்.
வேலை வாங்கும்போது கேட்க வேண்டும்.
அதற்கு ஆள் இரண்டு: சாவிக்கு ஒருத்தர், மீட்டருக்கு ஒருத்தர்.
சகாயம் காப்பிக்குப் போயிருந்தார்.
கேமராக்காரன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
"நான் வரட்டுங்களா?" என்றது பட்டு.

பெயர் சௌடேஸ்வரி.
கொசுவத்தைச் சுருட்டி இடுப்பில் செருகி
மருதாணி விரலால் சாவியைப் பிடித்தாள்.
நான் சொன்னதும் திருப்பு, மூணு எண்ணு, விடு.

டிக்.
பேட்டரி பன்னிரண்டுக்குக் கீழே இறங்கவில்லை.
மூச்சுக்கூட வாங்கவில்லை.
சிவப்புக் கேபிளின் இரண்டு முனைக்கும் நடுவில்
புள்ளி ஒன்று. அது யோக்கியன்.
கறுப்புக்கு வந்தேன்,
ஒரு ஊசி பேட்டரி நெகட்டிவில்,
இன்னொன்று எஞ்சின் உடம்பில்.
திருப்பு.
எட்டு.

ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில் எட்டு வோல்ட்.

இதற்குப் பெயர் எர்த்.
சுற்றிலும் தண்ணீர், அடியில் தண்ணீர்,
பனியாக மூக்கில் ஏறுவதும் தண்ணீர்,
அள்ளிப் பார்க்க ஒரு பிடி மண் இல்லை,
ஆனாலும் எர்த்.
எல்லாக் கம்பியும் கடைசியில் வந்து சாய்கிற இடத்தை
வேறு என்னவென்று சொல்ல.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
கேபிளைத் தடவியபடி கீழே போனேன்.
எண்ணெயும் தண்ணீரும் கலந்த கஞ்சிக்கு ஒரு சாண் மேலே
லக் இறுக்கமாகத்தான் இருந்தது. நல்ல இறுக்கம்.
அதன் அடியில் பளபளவென்று பச்சை.

"மே மாசம் கலெக்டர் வந்தப்ப பெயிண்ட் அடிச்சோம்மா"
காப்பியோடு தலைக்கு மேல் சகாயம்.
எஞ்சினுக்குமா?
"எஞ்சினுக்கும்தான். கழட்டி, அடிச்சு, காஞ்சதும் மாட்டினோம்.
சும்மா சொல்லக் கூடாது, நீட்டா இருந்துச்சு."

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு
உப்புத்தாளால் தேய்த்தேன்.
பச்சை போய், அடியில் ஒரு பழைய நீலம் போய்,
துரு போய், இரும்பு
ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிரித்தது.
லக்கையும் தேய்த்து, முறுக்கி, மேலே வாசலின்.

திருப்பு.

படகு ஒருமுறை விக்கியது. கறுப்பாகப் புகை.
நாணலிலிருந்து இரண்டு நீர்க்கோழி தெறித்தது.
சௌடேஸ்வரி மட்டும் மூன்று எண்ணி முடித்துத்தான் விட்டாள்.

"இப்ப எவ்வளவு காட்டிச்சு?"
புள்ளி இரண்டு.
"பூஜ்யம் வராதா?"
வராதும்மா. எந்தக் கேபிளும் தனக்குக் கொஞ்சம் எடுத்துக்கும்.
அவள் காரைப் பார்த்தாள்.
கண்ணாடி உள்ளே வியர்த்து முகம் தெரியவில்லை.

பிறகு பாயை ஏற்றினார்கள்.
துவைத்த வேட்டிபோல் தொங்கியது.
அதன் கீழே இருவரும் சிரிக்க
தடதடவென்று டீசல் சத்தத்தில் படகு போயிற்று.
படத்தில் கேட்காது.

பழைய பேட்டரி ரெண்டும் எங்கே என்றேன்.
"காயலான் கடைக்குப் போட்டாச்சு" என்றார் சகாயம்,
காப்பியை ஊதியபடி,
"நல்ல விலைக்கு எடுத்தான். ஏன்னு இப்பத்தான் தெரியுது."